டியூப் ரப்பரும் சிவப்பு நூலும்

தேங்காய் எண்ணெயும் டயர் ரப்பரும் கலந்த ஒரு வாசனை...
பத்து வயதில் என் தலைமுடி அப்படித்தான் மணக்கும்.

அம்மா குவைத்தில் இருந்தார். வீட்டு வேலை, இரண்டு வருட ஒப்பந்தம். எனக்குத் தலை பின்னிவிடுவது அப்பா. மாத்தளை டவுனில் ஒரு டயர் கடையில் வேலை செய்தார். வீல் நட் இறுக்கிப் பழகிய கை. காலையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, ஈரம் காயுமுன்பே இரட்டைப் பின்னல். பின்னி முடித்தால் என் புருவம் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும்.

நுனியில் கட்ட அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பழைய சைக்கிள் டியூபை வளையம் வளையமாக வெட்டிக் கொண்டுவருவார். அதைப் போட்டு, மேலே வெள்ளை ரிபன்.

"ஸ்கூல் விட்டு வர்ற வரைக்கும் அசையாது பாரு."

உண்மை. அசையவே அசையாது.

புறப்பட்ட அன்று அம்மா சொன்னது ஒன்றுதான். "நா வர்றப்ப புள்ள முடி இடுப்பு வரைக்கும் இருக்கணும்." வேறு எதைச் சொன்னாலும் அழுதிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அப்பா அதை அப்படியே பொறுப்பாக எடுத்துக்கொண்டார்.

மாதத்தின் முதல் ஞாயிறு, மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும், என்னை வாசற்படியில் உட்கார வைப்பார். பிடரியிலிருந்து நுனி வரை சிவப்புத் தையல் நூலைப் பிடித்து, வெட்டி, கடிதத்துக்குள் வைப்பார். குவைத்தில் அம்மா ஒவ்வொரு நூலையும் முந்தைய நூலோடு சேர்த்துப் பிடித்துப் பார்ப்பாராம்.

முதல் சில மாதம் நூல் நீண்டது. பிறகு நின்றுவிட்டது.

அப்பா கறிவேப்பிலை போட்டு எண்ணெய் காய்ச்சினார். முட்டை தடவினார். செவ்வரத்தம் இலையை அரைத்து அப்பினார். நூல் அதே நீளம்.

ஐந்தாவது தடவையும் அப்படியே போனதும், அம்மாவின் குரல் போனில் மாறியிருந்தது.

"புள்ளைக்கு ஏதும் வருத்தமா, காச்சலா? மறைக்காம சொல்லுங்க. இல்லாட்டி நா எல்லாத்தையும் விட்டுட்டு வந்துருவேன்."

"ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் சாப்புடுது."

"அப்புறம் ஏன் வளரல?"

ஒப்பந்தத்தில் பாதிகூட முடிந்திருக்கவில்லை.

அடுத்த முதல் ஞாயிறு. நூலைப் பிடித்தவர் என் முடி முடிந்த இடத்தைத் தாண்டி இன்னும் இரண்டு விரல் இழுத்தார். கத்தரிக்கோலைத் திறந்தார்.

"அப்பா... அது என் முடி இல்லியே."

கத்தரி அப்படியே நின்றது.

நூலைச் சுருட்டி வைத்துவிட்டு மறுபடி சீப்பை எடுத்தார். என் காதுக்கு மேலே வந்ததும் கை நின்றது.

அங்கே ஒரு நீலப் பொட்டு. இரண்டு மாதத்துக்கு முன், மாதா கோயில் திருவிழாவுக்கு ஜன்னல்களுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பூசையில் தூக்கம் வந்து நான் அதில் தலை சாய்த்துவிட்டேன். முடியின் அடியிலேயே ஒட்டிக்கொண்டது. மண்ணெண்ணெய் போட அப்பாவுக்கு மனம் வரவில்லை. அப்படியே விட்டிருந்தோம்.

"இது தோலோட ஒட்டியில்ல இருந்துச்சு?"

இப்போது பொட்டுக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு சுண்டுவிரல் அகலம். கறுகறுவென்று புது முடி.

"வளருது பாப்பா." மெதுவாகத்தான் சொன்னார். "வளந்துக்கிட்டுத்தான் இருக்கு."

அப்படியானால் வளர்ந்த நீளம் எங்கே போகிறது?

மறுநாள் பள்ளி விட்டதும் பின்னலோடு என்னை டயர் கடைக்குப் பக்கத்து சலூனுக்குக் கூட்டிப்போனார். அதை வைத்திருந்த முஸ்லிம் அண்ணனை எல்லோரும் 'நானா' என்றுதான் கூப்பிடுவோம். நானா ரிபனை அவிழ்த்தார். டியூப் வளையத்தை உருட்டிக் கழற்றினார். அதில் ஒடிந்த முடி கொத்தாகச் சிக்கியிருந்தது. தினமும் நான் பார்த்து, உதறிப் போட்ட முடிதான்.

"என்ன மச்சான் இது?"

"டியூப், நானா. வழுக்காது."

"வழுக்காதுதான். லொறிக்குக் கட்டு. புள்ளைக்குமா?"

அப்பா தலையைச் சொறிந்தார்.

"அடியில நல்லாத்தான் வளருது. நுனியில நீ கட்டுற எடத்துல ஒடியுது. ஈரத்தோட வேற இறுக்குறியாக்கும்? நனைஞ்ச முடி இழுத்தா பிஞ்சிரும். காயவிடு. சீப்ப நுனியிலருந்து போடு, பொறவு மேல வா. லேசா பின்னு. கட்ட ரிபன் போதும்."

"அவுந்துருமே?"

"அவுந்தா அவுளட்டும். திரும்பப் பின்னு."

ஒடிந்து பிளந்த நுனியை வெட்டித்தான் ஆக வேண்டும் என்றார். மூன்று விரல் அளவு. அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த மாத நூல் முந்தையதைவிடக் குட்டை. அப்பாவின் கடிதம் நான்கு வரி. 'முடி வளருது. நான்தான் டியூப் கட்டி ஒடிச்சிருக்கேன். நுனிய வெட்டிட்டோம். அடுத்த நூல் நீளும்.'

கடிதம் கிடைத்ததும் அம்மாவிடமிருந்து போன். முதலில் கேட்டது சிரிப்புதான்.

"டியூப்லயா கட்டுனீங்க... இத்தன மாசமா?"

வந்துவிடுவேன் என்று அதன் பிறகு சொல்லவில்லை.

அடுத்த நூல் நீண்டது. அதற்கடுத்ததும். மாதம் ஒரு சுண்டுவிரல் அகலம், அவ்வளவுதான். பள்ளியில் என் பின்னல் அவிழ்ந்துகொண்டே இருக்கும். டீச்சர் திட்டுவார். அப்பாவிடம் சொன்னால், "பரவால்ல" என்பார்.

இரண்டு வருடம் முடிந்து கட்டுநாயக்க விமான நிலையத்தில் அம்மா வெளியே வந்தபோது, முதலில் எங்களுக்குத் தெரிந்தது சூட்கேஸ் கைப்பிடிதான். எல்லா நூலையும் சேர்த்துப் பின்னி அதில் கட்டியிருந்தார். சிவப்பாக ஒரு சின்னச் சடை.

என் முடி இடுப்பை எட்டவில்லை. முதுகின் நடுவில் நின்றது. அம்மா அதைக் கையால் நீவிப் பார்த்தார்.

இப்போது நான் கண்டியில் வேலை செய்கிறேன். தோள்வரை வெட்டிய முடி. வீடியோ கோலில், "திரும்பு பாப்போம்" என்பார் அம்மா. நூல் தேவைப்படுவதில்லை. ஒரே மாதத்தில் முடி ஒரு முழம் வளரும் என்று போனில் தினமும் ஏதாவது விளம்பரம் வருகிறது... அந்த நீலப் பொட்டு ஞாபகம் வரும். விளம்பரத்தைத் தள்ளிவிடுவேன்.

போன வாரம் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மாவுக்குத் தோள் இறுகி, கையை மேலே தூக்க முடியாது. வாசற்படியில் அம்மா. பின்னால் அப்பா. தலை காயும் வரை காத்திருந்துவிட்டு, நுனியிலிருந்து சீப்பைப் போட்டுக்கொண்டு மேலே வந்தார்.

"கொஞ்சம் இறுக்கித்தான் பின்னுங்களேன். நழுவுது."

"மாட்டேன்," என்றார் அப்பா.