நாக்கின் கீழ் வைத்த ஆந்தைக் காசு

பழங்காசுக் கடையில் நிற்கிறவன், தனக்கு முன் அந்தக் காசை யார் தொட்டிருப்பார் என்று யோசிக்கவே கூடாது. கவுண்டருக்குப் பின்னால் கால் கடுக்க நின்று பிழைக்கிற உங்களுக்குத் தெரியும், கூடாது என்பதில்தான் யோசனை போகும்.

காயாத சாமான்

கனடாவில், ஸ்காபரோ கடை ஒன்றில், பழைய கிரேக்க நகரங்களின் சின்ன வெள்ளிக் காசுகளைத் தராசில் நிறுத்துப் படம் எடுப்பது அப்போது என் வேலை. மைசூர்ப் பருப்பளவுதான் இருக்கும். செத்தவரின் நாக்கின் கீழ் அப்படி ஒன்றை வைத்துப் புதைப்பார்களாம், மறு உலகத்து ஆற்றைக் கடக்கப் படகுக்காரனுக்குக் கூலியாக.

ஒருநாள் வந்த பொதியில், ஆந்தை பதித்த காசு ஒன்று ஈரமாக இருந்தது. துடைத்துத் தராசில் வைத்தேன். எடுத்தபோது தட்டிலும் ஈரம். மூன்று தரம் துடைத்தும் அதே கதைதான். என்னோடு வேலை செய்த மன்னார் றொபேட் அண்ணை எட்டிப் பார்த்தார். "உது துடைச்சுக் காயாது தம்பி. வாய்க்குள்ள கிடந்த சாமான்."

அஜக்ஸ் அங்கிள்

அதை வாங்கியவர் பக்கத்து ஊரான அஜக்ஸில் இருக்கிற ஓர் அங்கிள். இளைப்பாறிய கணக்கு வாத்தியார், பேய் பிசாசு என்றால் சிரிப்பார். நாலாம் நாள் ஸ்னோவுக்குள் கார் ஓட்டி வந்து, காசைக் கவுண்டர் கண்ணாடிமேல் வைத்தார். விலையைத் திருப்பித் தர வேண்டாம் என்றார். தேத்தண்ணி, சோறு, பச்சைத்தண்ணி எல்லாம் வெள்ளி ருசியாம்.

"மனப்பிரமையா இருக்கும் அங்கிள்," என்றேன்.

"எனக்கு மட்டுமெண்டால் நானும் அப்பிடித்தான் நினைப்பன். வீட்டில என்ரை மனிசிக்கும் அதே ருசியாம். நான் காசு வாங்கினதே அவவுக்குத் தெரியாது."

கறுத்தக் கோட்டுக்காரி

அடுத்த நாள் மத்தியானம், கறுத்தக் கோட்டுப் போட்ட ஒரு தமிழ் அன்ரி வந்தா. "ஆந்தைக் காசு ஒண்டு திரும்பி வந்ததெல்லே?" என்று கேட்டா. அங்கிள் கொண்டுவந்ததை நான் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை.

எடுத்துக் கொடுத்தேன். அதை நாக்கின் கீழ் வைத்து, வாயை மூடி, கண்ணையும் மூடிக்கொண்டா. அவவின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். இல்லை. சுவர் மணிக்கூட்டில் இரண்டு நிமிடம் போனது. கடைசியில் கண் திறந்து, காசை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தா. அது பொட்டு ஈரமில்லாமல் காய்ந்து கிடந்தது.

"இது என்ரை இல்லைத் தம்பி. இதுக்குச் சொந்தக்காரி வேற ஆள், அவ இன்னும் கரையிலதான் நிக்கிறா."

அந்தக் கிழமையே வேலையை விட்டுவிட்டு, இப்போது ஒஷாவாவில் டயர் விற்கிறேன். தூக்கினால் இடுப்பு, நாரி எல்லாம் முறிகிற பாரம்தான், ஆனால் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் மூச்சு விடுகிறார்கள்.