நான் சொல்லாமல் விட்ட கேள்வி

திண்டுக்கல் பக்கம் மருத்துவம் படித்தபோது நடந்தது இது. நோயாளிகளை மரியாதையாக நடத்துவது பற்றி எங்களுக்கு ஒரு வகுப்பு வைத்தார்கள். நடத்த வந்தவர், சிறுமலையைச் சேர்ந்த பளியர் இனத்துப் பெண் காளியம்மாள். தங்கள் ஊர்க்கூட்டம்போல எங்களைத் தரையில் வட்டமாக உட்கார வைத்தார்.

"நான் சொல்றதைக் கேளுங்க. கேட்டதை ஒருத்தர் அப்படியே திருப்பிச் சொல்லணும். அம்புட்டுதான் பாடம்" என்றார்.

காய்ச்சலில் கிடந்த மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்ததைச் சொன்னார். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "குளிச்சு எத்தனை நாளாச்சு?" என்று கேட்டாராம். வார்டே சிரித்ததாம். மகள் அழுதுகொண்டே வெளியேறிவிட்டாள். எவ்வளவு கெஞ்சியும் திரும்ப வரவில்லை. மூன்றாம் நாள் மலையிலேயே இறந்துபோனாள்.

அந்தத் தாய், மகள் முகம் எனக்கு நினைவில்லை. ஆனால் வார்டுப் பயிற்சியின்போது அப்படிக் கேட்டது நான்தான்.

என்னை அடையாளம் தெரிந்ததோ என்னவோ, என்னைத்தான் திருப்பிச் சொல்லச் சொன்னார். அந்தக் கேள்வியைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஒண்ணை விட்டுட்டீகளே, தம்பி."

"அதைக் கேட்டது நான்தாம்மா" என்றேன்.

அவர் திட்டவில்லை.

"அவ பேரு செல்வி. பத்தொம்பது வயசு. அதையும் சேத்துச் சொல்லுங்க."

முதலிலிருந்து மறுபடி சொன்னேன். மன்னித்தீர்களா என்று கேட்கத் துணிவு வரவில்லை.

இன்று நான் டாக்டர். பெயரைக் கேட்காமல் யார் கையையும் தொட்டு நாடி பார்ப்பதில்லை. நல்ல பழக்கம் என்று நர்சுகள் சொல்வார்கள். அது எப்படி வந்தது என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.