தேரையின் எடை

ஆர்வில் எடைமேடையிலிருந்து திரும்பி வந்தபோது முகம் கடுகடுவென்று இருந்தது. வெல்டா தன் தையல் மெஷினை மேசைக்கு அடியில் காலால் இன்னும் உள்ளே தள்ளினாள்.

நெப்ராஸ்காவில் இருந்த வீட்டை விற்று சமையலறையும் படுக்கையும் உள்ளேயே இருக்கும் இந்த வீட்டு வண்டியில் குடியேறிய நாளிலிருந்து அவன் வைத்ததுதான் சட்டம். ஒரு சாமான் ஏறினால் ஒரு சாமான் இறங்க வேண்டும். இறங்கியதெல்லாம் அவளுடையது. இரும்பு வாணலி போயிற்று, பீங்கான் தட்டுகள் போயின. மிச்சம் இந்த மெஷின் ஒன்றுதான். ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் நேரத்தில் மட்டுமே அந்த வண்டியில் தனக்கும் ஓர் இடம் இருப்பதாக அவளுக்குத் தோன்றும்.

தானியக் கிடங்கில் ஆயுள் முழுக்க அடுத்தவன் லாரியை எடை போட்டவன் ஆர்வில். சொந்த வீட்டை ஒருநாளாவது மேடையில் ஏற்றினானா? கிடையாது. வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் சின்னக் காரை, இப்படிப்பட்ட வண்டிகள் தங்கும் அந்த அரிசோனா முகாமில் எல்லோரும் தேரை என்பார்கள். கொக்கியில் ஐயாயிரம் பவுண்டு என்று போட்டிருக்கிறது, நம் தேரை அதற்குள்தான் என்று மார்தட்டித் திரிந்தான். கொக்கி தாங்கினால் போதுமா, வண்டி தாங்க வேண்டாமா? வீடும் தேரையும் சேர்ந்து இவ்வளவுதான் என்று ஓட்டுநர் கதவிலேயே ஒட்டியிருக்கிறது. வீட்டுக்குள் சுமை ஏற ஏற, இழுக்கக்கூடிய எடை குறைந்துகொண்டே போகும். நாளைக்கு மலை தாண்டி மகள் வீட்டுக்குப் போக வேண்டுமென்றதும்தான் ஐயாவுக்கு எடை போட்டுப் பார்க்கும் புத்தி வந்தது.

"ரெண்டும் சேந்து நானூறு பவுண்டு கூட இருக்கு. இதோட மலை எறங்கினா பிரேக் பொசுங்கிரும். உன் மெஷினை எறக்கு."

"மெஷின் முப்பது பவுண்டு. பாலைவனத்துல பொறுக்கி வண்டி வயித்துல நீங்க அடைச்சு வெச்சிருக்கிற கல்லு?"

"அது பாலிஷ் போட்டா மின்னுற கல்லுடி. வித்தா காசு."

"இத்தனை வருஷத்துல ஒரு கல்லு வித்திருக்கீங்களா?"

"ஆரம்பிச்சுட்டியா."

மறுநாள் காலை அவள் துணி துவைக்கப் போயிருந்த நேரம் பார்த்து, பக்கத்து வண்டிக்காரி கோரினிடம் மெஷினைத் தூக்கிக் கொடுத்துவிட்டான். திரும்பி வந்தவள் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். இடம் காலியாக இருந்தது. பாவி மனுஷன், ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இருவரும் போய் மறுபடி எடை போட்டார்கள். சுமை இன்னமும் அதிகம்தான். கல்லை இறக்கியிருப்பான் என்று நீங்கள் நினைத்தால், ஆர்விலை உங்களுக்குத் தெரியாது.

"தேரையைக் கழட்டிடுறேன். நீ அதை ஓட்டிக்கிட்டுப் பின்னாலயே வா," என்றான். "எதுக்கும் ஒரு வழி இருக்கு, பாத்தியா?"

அவன் நெடுஞ்சாலையில் வடக்கே போனான். வெல்டா காரை முகாமுக்குத் திருப்பினாள். கோரின் காலைப் பிடித்தாவது மெஷினை வாங்கிவிட வேண்டும். ஆனால் கோரினின் வண்டி நின்ற இடத்தில் டயர்த் தடமும் அடுப்புக் கரியும்தான் கிடந்தன. சற்று முன்புதான் கிளம்பினாளாம், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. வெல்டா ஸ்டியரிங்கில் தலை சாய்த்து விசும்பி விசும்பி அழுதாள்.

போன் அடித்தது.

"எங்க, ஆளையே காணோம்?" ஆர்வில் உற்சாகமாக இருந்தான். "வண்டி இப்ப என்ன லேசா ஓடுது தெரியுமா? பூ மாதிரி போகுது."

"போகும்," என்றாள் வெல்டா. "இனிமே அப்படியே ஓட்டிக்கோ."