கருணை அடிப்படையில்

எண்பதுகளின் கடைசி. அப்பா மின்கம்பத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது விழுந்து இறந்தார். அதன் பிறகு மேனாம்பேட்டில் எங்கள் வாடகை வீட்டுக்கு அரசாங்கத் தமிழ் குடிவந்தது. பழுப்பு உறையைப் பிரித்து அம்மா உரக்கப் படிப்பாள். பாயில் படுத்துக் கேட்டபடியே எனக்குக் கண் சொக்கும். 'மேற்படியார் பணியிலிருக்கும்போது காலமானதால்...' யார் இந்த மேற்படியார்? அரைத்தூக்கத்தில் அவர் வீட்டுக்குள் நடமாடுவார். அப்பாவின் சட்டையைப் போட்டிருப்பார். முகம் மட்டும் தெரியாது.

அம்மாவுக்கு அப்பாவின் ஆபீசில் ஏதாவது வேலை கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்துவிட்டு மாமா வீட்டில் போய் ஒண்ட வேண்டியதுதான். பூந்தமல்லியில் மனு டைப் அடிக்கும் பாயிடம் போனோம். அவர் அடித்துக் கொடுத்ததை அம்மா படித்தாள். 'அபலையாகிய நான் தங்கள் பொற்பாதங்களில் விழுந்து' என்று ஆரம்பித்திருந்தது.

"நான் எங்க விழுந்தேன்? விழுந்தது அவரு. இதை எடுத்துட்டு, பத்தாவது பாஸ்னு போடுங்க பாய்."

"இன்னாமா நீ, அழுதாத்தான் ஆபீஸ்ல ஃபைல் நகரும்."

"நகரலைன்னா நானே போய் நகத்திக்கிறேன்."

பாய் தலையில் அடித்துக்கொண்டு வேறு தாளைச் செருகினார். அம்மாவின் திமிர் எனக்குப் பிடித்திருந்தது.

பதில்கள் வந்தன. அவற்றில் கோபமும் இல்லை, பிரியமும் இல்லை. மழை மதியங்களில் அம்மா அவற்றைத் திரும்பத் திரும்பப் படித்து, எந்தச் சொல்லில் கொஞ்சம் ஈரம் இருக்கிறது என்று தேடுவாள். 'ஆவன செய்யப்படும்' என்றிருந்தால் அன்று சோற்றுக்கு அப்பளம் உண்டு. 'பரிசீலனையில் உள்ளது' என்றால் வெறும் ரசம். நான் கண்ணை மூடினால் மேற்படியாரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

கடைசியில் நியமன ஆணை வந்தது. 'கருணை அடிப்படையில் தற்காலிகமாகப் பணி நியமனம் செய்யப்படுகிறார்.' நான் குதித்தேன். அம்மா அந்த முதல் வரியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கருணையாம்டி. சும்மாவா குடுத்தாங்க? உங்கப்பாவைக் குடுத்துல்ல வாங்கியிருக்கோம்."

பிறகு அந்த ஒரு சொல்லைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, மீதியை எனக்குப் படித்துக் காட்டினாள். முடிக்கும்வரை விரலை எடுக்கவில்லை.