ஏரம்பு முறித்த இலுப்பெண்ணெய்

“ஏரம்பண்ணை, உதென்ன அடுப்பிலை?”

“எண்ணெய் முறிக்கிறன் பிள்ளை.”

“என்ன எண்ணெய்?”

“உங்கடை எலி எண்ணெய்தான். பின்னை ஆர் வீட்டு எண்ணெய்?”

பத்மாசினி கதவடியிலேயே நின்றுவிட்டாள். மண்ணெண்ணெய் அடுப்பில் ஒரு சின்னத் தாச்சி. அதற்குள் இலுப்பெண்ணெய் நுரைத்துக்கொண்டிருந்தது. நுரைக்கு நடுவே ஒரு புளி உருண்டை கறுத்துப்போய்ச் சுழன்றது.

“எத்தினை நாளாய் உப்பிடிச் செய்யிறியள்?”

“துவங்கின நாள் தொட்டு.”

“எல்லா எண்ணெயையுமோ?”

“சீச்சீ. நல்லெண்ணெயை ஏன் முறிப்பான்? இதை மட்டுந்தான். புளி போட்டுக் கொதிக்க வைச்சு முறிச்சால்தான் கசப்புப் போகும். பச்சையாய் ஊத்தினால் தொண்டை கமறும். வாயில்லாச் சீவன், வந்து சொல்லுமே?”

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“நீங்கள் கேக்கேல்லை. தீனுக்குப் போடுற கருவாட்டை மண் போகக் கழுவித்தான் இடிச்சனான் எண்டும் நான் உங்களுக்குச் சொல்லேல்லைத்தானே.”

சொல்லிவிட்டு ஏரம்பு தாச்சியை இறக்கி, புளியைக் கரண்டியால் தூக்கி எறிந்தார். காலையில் அந்தப் பக்கம் வரும் புளி வாசத்தை இத்தனை நாளும் பத்மாசினி கன்ரீன் வாசமென்றே நினைத்திருந்தாள்.

அந்தச் சோதனை துவங்கியது எழுபத்தைந்தாம் ஆண்டு ஆனி மாதம். தேங்காய் கிடைப்பது அரிதாகி, தேங்காயெண்ணெய்க் கடைகளில் வரிசை நீண்டுகொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் இலுப்பைக்குக் குறைவில்லை. அந்த எண்ணெயை எல்லோரும் சமையலுக்கு எடுக்கலாமா என்று பார்க்கத்தான் அங்கிருந்த ஓர் ஆய்வுகூடத்தின் தலைவர் தியாகலிங்கம் வெள்ளெலிகளை வாங்கினார். முப்பத்தாறு எலிகள், மூன்று கூட்டம். ஒரு கூட்டத்தின் தீனில் நல்லெண்ணெய், இன்னொன்றுக்குத் தேங்காயெண்ணெய், மூன்றாவதற்கு மருதனார்மடத்துக்கு அப்பாலிருந்த ஒரு செக்கில் ஆட்டியபடியே வந்த இலுப்பெண்ணெய். திங்கட்கிழமைகளில் ஆய்வு உதவியாளர் பத்மாசினி ஒவ்வொன்றாகத் தூக்கி நிறுத்துக் கொப்பியில் எழுதுவாள். பதினான்கு கிழமை முடிந்தபோது இலுப்பெண்ணெய்க்காரர்தான் மற்ற இரண்டு கூட்டத்தையும்விட மினுமினுத்தார்கள். ‘ஆட்டிய எண்ணெயை அப்படியே உண்ணலாம்’ என்ற அறிக்கை தட்டச்சாகி மேசையில் இருந்தது. புதன்கிழமை அது கொழும்புக்குப் போகவேண்டும். அது போனால்தான் ஐப்பசியில் அவளுடைய தற்காலிக வேலை நிரந்தரமாகும். அதற்குள்தான் இந்தப் புளி உருண்டை விழுந்தது.

ஏரம்பு பருத்தித்துறைக்காரர். பதினைந்து வயதில் தோணியில் ஏறியவர். நாகபட்டினத்துக்கும் அதற்கப்பாலும் பதினெட்டு வருஷம் பதினொரு பேருக்குச் சமைத்தவர். தோணியோட்டம் நின்று, முதலாளி தோணியைப் பிரித்து மரமாய் விற்றபிறகு சும்மா இருந்தார். யாரோ உறவுக்காரர் சொல்லி ஆய்வுகூடத்தில் தொழிலாளியாகச் சேர்ந்தார். முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார். எலிக்கொட்டில் என்று எல்லோரும் சொன்ன அந்தத் தகரக் கூரை அறையில் மரத்தூள் மாற்றி, தண்ணீர்ப் போத்தல் கழுவி, எட்டு மணிக்குள் தீன் குழைத்துவிடுவார். தீன் வைப்பதை அவர் பந்தி என்பார்.

“பந்தி முடிஞ்சுது பிள்ளை. இனி நீங்கள் நிறுக்கலாம்.”

ஏழாம் கூட்டில் ஒரு பெருத்த எலி இருந்தது. அதற்கு அவர் வைத்த பேர் தண்டையல். தோணியை நடத்துகிறவனை அப்படித்தான் சொல்வார்களாம்.

“ஏன் அந்தப் பேர்?”

“பாருங்கோவன். ஒரு வேலையுமில்லை. முதல் ஆளாய் வந்து குந்துவான்.”

பத்மாசினி அதிகம் கதைக்கிறவளல்ல. அந்த அறையில் மட்டும் அவளுக்குச் சிரிப்பு வரும். இப்போது, எண்பத்திரண்டாம் ஆண்டில், வேறு ஊரில், சாக்கில் வருகிற ஆயத்தத் தீனை அளந்து போடும் ஆய்வுகூடமொன்றில் அவள் வேலை செய்கிறாள். அங்கே எலிகளுக்கு இலக்கம் மட்டுந்தான். தகரக் கூரையில் வெயில் ஏறும் சத்தமும், ஈர மரத்தூளின் மணமும், “உவனைக் கடைசியாய் நிறுங்கோ, உவன் இன்னும் திண்டு முடிக்கேல்லை” என்ற குரலும் திங்கட்கிழமைகளில் அவளுக்கு நினைவு வரும்.

புளி உருண்டையைக் கண்ட அந்தச் செவ்வாய் பகல் முழுவதும் அவள் அதையே யோசித்தாள். சொன்னால் பதினான்கு கிழமையும் வீண். ஏரம்புவின் வேலையும் போகலாம். சொல்லாவிட்டால் முறிக்கத் தெரியாத வீடுகளில் பச்சை எண்ணெய் சட்டிக்குள் இறங்கும். பின்னேரம் நாலு மணிக்கு அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு தியாகலிங்கத்தின் அறைக்குப் போனாள்.

அவர் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். ஏரம்புவைக் கூப்பிட்டார்.

“ஆர் உமக்கு உதைச் செய்யச் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை ஐயா. உதையும் ஆரும் சொல்லோணுமே? தோணியிலை இலுப்பெண்ணெய் முறியாமல் பொரிச்சால் தாச்சியோடை என்னையும் கடலுக்கை போட்டிருப்பாங்கள்.”

தியாகலிங்கம் சிரிக்கவில்லை. அறிக்கையை வாங்கி அந்த வரியில் விரலை வைத்தார். பிறகு பத்மாசினியைப் பார்த்துச் சொன்னார்:

“எலி திண்டது இலுப்பெண்ணெய்தானே. ஊர்ச்சனமும் முறிச்சுத்தானே ஊத்துது. ‘அப்படியே’ எண்ட சொல்லை மட்டும் எடுத்துவிட்டால் பொய்யில்லை.”

பத்மாசினி தாளைப் பார்த்தாள். ஒரு சொல்தான். அடித்துவிட்டால் வேலை நிரந்தரம்.

ஏரம்பு கதவோரம் நின்றபடியே கேட்டார்: “உந்தக் கடுதாசி எங்கை போகுது ஐயா?”

“கொழும்புக்கு.”

“அங்கை ஆர் முறிக்கப் போகினம்? போத்திலிலை அடைச்சு விப்பினம். வாங்கிற மனுசி அப்பிடியே ஊத்துவா. பேந்து பிள்ளையளுக்கு ஏதும் வந்தால் எங்கடை எலியளைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவினம்.”

பத்மாசினி அறிக்கையை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

“திரும்பச் செய்யிறன் சேர். பச்சை எண்ணெய் ஒரு கூட்டம், முறிச்சது ஒரு கூட்டம்.”

“ஐப்பசிக்குள்ளை முடியாது, தெரியுமோ?”

“தெரியும்.”

தியாகலிங்கம் ஏரம்புவை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. ஆனால் ஒரு கட்டளை போட்டார்: பச்சை எண்ணெய்த் தீனையும் அவர்தான் குழைக்கவேண்டும், அதில் ஒன்றும் சேர்க்கக்கூடாது. அதுதான் தண்டனை என்று அவர் நினைத்தாரோ தெரியாது. ஏரம்புவுக்கு அது தண்டனையாகத்தான் இருந்தது. குழைத்த கையை மூக்கடியில் வைத்து மணந்துவிட்டு முகத்தைத் திருப்புவார்.

புதிய எலிகள் வந்தன. முறித்த எண்ணெய்க் கூட்டம் முதல் நாளே கிண்ணத்தைத் துடைத்துவிட்டது. பச்சை எண்ணெய்க் கூட்டம் கிண்ணத்தை மணந்து பார்த்துவிட்டு, மரத்தூளை அதன்மேல் தள்ளிவிட்டு மூலைக்குப் போய்ப் படுத்தது. இரண்டாம் நாளும் அப்படித்தான். தின்னாவிட்டால் ஆராய்ச்சி இல்லை. மூன்றாம் நாள் காலை பத்மாசினி வந்தபோது ஏரம்பு ஒரு பலகையில் குந்தியிருந்து, தீனைச் சுண்டங்காய் அளவில் உருட்டி, கூட்டுக்குள் கையை விட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு எலி அவருடைய பெருவிரலில் முன்னங்கால்களை ஊன்றி நின்று தின்றது. பிறகு மற்றதும் வந்தது. ஒரு கிழமைக்குப் பின் அவை கிண்ணத்திலும் தின்னப் பழகிவிட்டன.

ஆறாம் கிழமையிலிருந்து பச்சை எண்ணெய்க்காரரின் நிறை இறங்கியது. மயிர் கரடுமுரடானது. பதினோராம் கிழமைக்குள் மூன்று செத்தன. முறித்த எண்ணெய்க்காரர் ஓடித் திரிந்தார்கள். அந்தச் செக்கின் எண்ணெயை, அத்தனை கிழமை அந்த எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டாமல் பத்மாசினி புதிய அறிக்கையை எழுதினாள். ஐப்பசி கடந்து போயிருந்தது. அவளுக்கு வேலை நிரந்தரமாக இன்னும் ஒன்றரை வருஷம் சென்றது.

அறிக்கை தட்டச்சுக்குப் போகவிருந்த நாள் ஏரம்பு அவளுடைய அறைக்கு வந்தார். அதற்குமுன் அவர் அந்தப் பக்கம் வந்ததேயில்லை. இருங்கோ என்றாலும் இருக்கவில்லை. மேசையில் கிடந்த தாள்களைப் பார்த்தார்.

“எல்லாம் எழுதியாச்சோ?”

“ஓம் அண்ணை. நிறை, நாள், செத்த கணக்கு எல்லாம் இருக்கு.”

“அதுகள் இரண்டு நாள் தின்னாமல் கிடந்தது?”

“அதை எழுதேல்லை. அது முடிவுக்குத் தேவையில்லை எண்டு சேர் சொன்னவர்.”

ஏரம்பு தாள்களை அவள் பக்கம் தள்ளினார்.

“ஒரு வரி போட்டுவிடுங்கோ பிள்ளை. அதுகளுக்கு மணத்திலையே தெரிஞ்சிட்டுது, வேண்டாமெண்டு கிடந்ததுகள். என்ரை கையெண்டபடியால்தான் வந்து திண்டதுகள். தெரியாமல் திண்டதுகள் எண்டு வாசிக்கிறவை நினைக்கக்கூடாது.”