வண்டிக்கும் ஒரு கை கொசுறு

என் மச்சான் செல்லப்பன் பூலாம்பாடியைச் சுற்றிப் பத்து ஊருக்கு பைக்கில் போய்ச் சின்ன வெங்காயம் விற்பவர். தராசு முள் நேராக நின்ற பிறகும் ஒரு கை அள்ளிப் போடாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. வாங்குகிறவர்கள் போதும் என்றாலும் விடமாட்டார். "எடுத்துக்கம்மா, கொசுறு இல்லாம குடுத்தா அது யாவாரமா?" என்பார். கொடுத்துவிட்டுப் போகட்டும், நல்ல மனுசன். ஆனால் போன ஐப்பசியில் அந்தக் கையை பைக்கிலேயே காட்டினார் பாருங்கள், அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அவர் பெண்டாட்டி தனம் என் அக்கா. கங்கைகொண்ட சோழபுரத்தில் ஐப்பசிப் பௌர்ணமிக்கு அத்தனை பெரிய லிங்கத்தையும் சோற்றாலேயே மூடுவார்கள். அந்த அன்னாபிஷேகத்தை மச்சானோடு போய்ப் பார்க்க வேண்டும் என்று கல்யாணமான வருடத்திலிருந்து அவளுக்கு ஆசை. இருபத்தோரு ஐப்பசி போய்விட்டது. ஒரு வருடம் நடவு, ஒரு வருடம் மழை, ஒரு வருடம் மாடு கன்று போட்டது. "பஸ்ஸில போயிட்டு வாயேன்" என்று நான் சொன்னால் முறைப்பாள். "ஜோடியாப் போகணும்டா. தனியாப் போயி என்ன பண்ண?" இந்தத் தடவை மச்சான் சூடம் அடித்துச் சத்தியம் செய்திருந்தார்.

தூரம் அதிகம் என்பதால் முதல் நாள் ஆயில் மாற்ற நினைத்தார். மெக்கானிக் மூன்று நாளாகக் கடை திறக்கவில்லை. "இது என்ன பெரிய வித்தை? நானே மாத்துறேன்" என்று செல்போனில் வீடியோவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெங்காயத் தாள் அறுக்கிறவருக்கு எஞ்சின் எதற்கு?

இருந்தாலும் பொய் சொல்லக்கூடாது, தொடக்கம் நன்றாகவே இருந்தது. வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு ஆயிலை இளக்கினார். சாய்க்காமல் நடு ஸ்டாண்டில் நிறுத்தினார். பழைய ஆயிலைப் பிடிக்க அக்காவின் வெங்காயம் அலசும் பேசினைத் தூக்கி வந்தார். "அதத் தொட்டீங்க, அப்பறம் இந்த வூட்டுல சோறு கெடையாது!" என்று அக்கா பிடுங்கிக்கொண்டு போனாள். பழைய கேன் ஒன்றை அறுத்து வைத்தார். அடி போல்ட்டைக் கழற்றியதும் கறுப்பாகக் கொட்டியது. கூடவே விழுந்த வாஷரையும் துழாவி எடுத்து, துடைத்து, மறக்காமல் திரும்பப் போட்டு முடுக்கினார்.

புது பாட்டில் ஒரு லிட்டர். வண்டிப் புத்தகத்தில் எண்ணூறு மில்லி என்றிருப்பதை நானே வாசித்துக் காட்டினேன். எண்ணூறு ஊற்றினார். நிறுத்தினார். பாட்டிலைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார்.

"பாவம்டா, நாளைக்கு எம்புட்டு தூரம் ஓடப்போவுது" என்று மிச்சத்தையும் ஊற்றினார். அதோடு விட்டாரா? பரணில் கிடந்த பழைய பாட்டிலில் கொஞ்சம் இருந்தது. அதையும் எடுத்து வந்து கவிழ்த்தார்.

"மச்சான், அளவுக் குச்சிய எடுத்துப் பாருங்க!"

"போடா, கொசுறுக்கு எவனாச்சும் அளவு பார்ப்பானா?"

மறுநாள் வியாபாரத்தை முடித்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினார்கள். அக்கா பட்டுச்சேலை கட்டி, தலை நிறையக் கனகாம்பரம் வைத்திருந்தாள். மாலை ஆறு மணி தீபாராதனைக்குள் போய்ச் சேர்ந்தால் போதும். பெரம்பலூர் தாண்டும்போதே வண்டி முனகியதாம். அரியலூருக்கு முன்னால், சிமென்ட் லாரிகள் போகிற ரோட்டில், பின்னால் ஒரே வெள்ளைப் புகை. ஒரு லாரிக்காரர் தலையை நீட்டி, "என்னண்ணே, கொசு மருந்தா அடிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாராம். வண்டி நின்றுவிட்டது. மச்சான் எனக்கு போன் அடித்தார்.

"குச்சியப் பாருங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல!" என்று கத்தினேன். "ரெண்டு கோட்டுக்கு நடுவுல நிக்கணும். கூடிப்போனா ஆயில் மேல ஏறி எரிஞ்சு பொகையத்தான் செய்யும். ஆற வுட்டு, அடி போல்ட்ட லேசா இளக்கி எறக்குங்க."

"எதுலடா புடிக்கிறது? ரோட்டுல வுட்டா பின்னால வர்றவன் வழுக்கி வுழுவான்டா." குரல் அழுவதுபோல இருந்தது. என் கோபமெல்லாம் போய்விட்டது. இருபத்திரண்டாவது ஐப்பசியும் போச்சே என்றுதான் நினைத்தேன்.

அக்கா போனைப் பிடுங்கினாள். "வைடா, நான் பாத்துக்கிறேன்."

புளியமரத்தடியில் உட்கார்ந்து புளிச்சோற்று டப்பாவைத் திறந்து, "சாப்புடுங்க" என்றாளாம்.

"இப்பவா புள்ள?"

"டப்பா காலியாவ வேணாமா? எஞ்சினும் ஆறட்டும்."

பேசினைத் தொடவிடாத அந்த மகராசி, புது எவர்சில்வர் டப்பாவைத் தன் கையாலேயே வண்டிக்கு அடியில் வைத்தாள். மச்சான் போல்ட்டை இளக்கினார். கொஞ்சம் இறக்குவது, முடுக்குவது, குச்சியைத் துடைத்து விட்டு எடுத்துப் பார்ப்பது. மூன்றாவது தடவை ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது. அப்போது மணி நாலு. டப்பாவை இறுக மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு அக்கா பின்னால் ஏறினாள். வண்டி கொஞ்ச தூரம் புகைந்தது, பிறகு ஒழுங்காக ஓடியது.

ஐந்தே முக்காலுக்குக் கோயிலுக்குள் போய்விட்டார்கள். "கோபுரம் தெரிஞ்சதுமே எனக்கு அழுவ வந்துருச்சுடா" என்றாள் அக்கா. சோறு மூடி வெள்ளை வெளேரென்று நின்ற சாமியைப் பார்த்து மச்சானும் அழுதாராம். கேட்டதற்கு, வழியில் பட்ட புகையில் கண் இன்னும் எரிகிறது என்று சமாளித்தாராம்.

பிரசாதச் சோறு வாங்க வரிசையில் நின்றார்கள். பரிமாறியவர் ஒரு கரண்டி வைத்ததும் மச்சான் பயந்துபோய், "போதுங்க, அளவாப் போடுங்க" என்று இலையைப் பின்னால் இழுத்தார்.

அக்கா அந்த இலையைப் பிடித்து மறுபடியும் முன்னால் நீட்டினாள்.

"இன்னொரு கை கொசுறு போடுங்கண்ணே. இருவத்தோரு வருசமாக் காத்துக்கெடந்தோம்."