அண்ணனின் இரண்டாவது பெட்டி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் உறவினர்கள் முதலில் கேட்கப்போவது, அட்டையில் சிவப்பு மூக்கும் வெள்ளை பூசிய முகமுமாக இருப்பவர் யார் என்பதைத்தான். அவர் எங்கள் அண்ணன்தான். அச்சகத்தில் படம் மாறிவிடவில்லை.

அண்ணன் சங்கரன்கோவிலில் எங்கள் பெற்றோருக்குத் தலைமகனாகப் பிறந்தார். அப்பா காலமானபோது அவருக்குப் பதினேழு வயது. விசைத்தறியில் கால் கடுக்க நின்று தங்கை என்னைப் படிக்க வைத்தார். பிறகு பஹ்ரைனில் ஓர் ஓட்டலுக்கு மேஜை துடைக்கப் போனார். அங்கே ஒரு நாள், அடுக்கிய தட்டுகளோடு வழுக்கி, ஒன்றையும் உடைக்காமல் நிமிர்ந்திருக்கிறார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்களாம். மறுநாளும் அதேபோல வழுக்கச் சொன்னார்கள். இப்படித்தான் பாட்டும் ஆட்டமும் நடக்கும் அந்த ஓட்டல் மேடையில் அண்ணன் கோமாளியானார். இருபத்திரண்டு ஆண்டுகள் அதுவே அவருக்குத் தொழில்.

செய்தி கேட்டு அம்மா அழவில்லை.

"ஏலே, நாலு பேரு பாத்துச் சிரிக்குத தொழில் ஒனக்கு எதுக்கு? செய்யுதன்னா செய். இந்த வாசலுக்குள்ள அதைக் கொண்டாராத."

"சரிம்மா" என்றார் அண்ணன். அவ்வளவுதான். ஒப்பந்தம் முடிந்து ஊர் வரும்போதெல்லாம் வேஷப் பெட்டியைக் கடையநல்லூரில் காசிம் பாய் வீட்டில் வைத்துவிட்டு, துணிப்பெட்டியோடு மட்டும் வருவார். காசிம் பாய் அதே மேடைக்கு விளக்குப் போட்டவர்.

எனக்கோ ஆவல் தாங்காது. வீட்டில் அண்ணன் வாய்விட்டுச் சிரித்தே நான் பார்த்ததில்லை. இவரைப் பார்த்து அயல்நாட்டார் எதற்குச் சிரிக்கிறார்கள்? கேட்டால், "தண்ணி கொண்டா" என்று பேச்சை மாற்றுவார். நுரையீரல் நோயோடு படுத்திருந்த கடைசி நாட்களிலும் நான் விடவில்லை.

"மேடையில என்னண்ணே செய்வ? ஒரு தடவ காட்டேன்."

"அம்மாட்ட சொல்லியிருக்கம்லா."

"அம்மா போயி எட்டு வருசமாச்சு."

"ஆமா. இனி மாத்திச் சொல்ல ஆளில்ல" என்று கண்ணை மூடிக்கொண்டார். அந்த வாரமே எங்களை விட்டுப் போனார்.

பதினாறாம் நாள் காசிம் பாய் அந்தப் பெட்டியோடு வந்து தெருவிலேயே நின்றார். உள்ளே ஐந்து சட்டைகள், ஒரு காலி ஊறுகாய் பாட்டில், அட்டையில் உள்ள இந்தப் படம். அண்ணன் மேடையில் என்ன செய்வார் என்று அவரிடமும் கேட்டேன். தயங்கிவிட்டு, தெருவில் வைத்தே நடித்துக் காட்டினார்.

ஒருவன் பயணத்துக்குப் பெட்டி அடுக்குகிறான். எடை கூடிவிடுகிறது. ஊறுகாய் பாட்டிலை எடுத்து வெளியே வைக்கிறான். ஒரு பெண் வந்து அதைத் திரும்ப உள்ளே வைக்கிறாள். அவன் எடுக்க, அவள் வைக்க, கடைசியில் பாட்டில் பெட்டியில் இருக்கிறது. ஐந்து சட்டைகளும் அவன் உடம்பில் ஏறிவிடுகின்றன. கையை மடக்க முடியாமல் விறைப்பாக நடக்கிறான்.

துக்க வீடு என்பதையும் மறந்து சிரித்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. புளியங்குடி எலுமிச்சை வாங்கி ஊறுகாய் போட்டு, அண்ணன் எடுக்க எடுக்கத் திணித்தவள் நான்.

"என்னையக் கேலி பண்ணிருக்காரா, பாய்?"

"கேலி இல்லம்மா. கடைசியில மூடியத் தொறந்து மோந்து பாத்துக்கிட்டே நிப்பாரு. அப்ப வெளக்கு வெளிச்சத்த மெதுவா எறக்கணும். வெரசா எறக்கினா ஏசுவாரு."

நோயில் உடனிருந்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், சோறு பொங்கி அனுப்பிய அண்டை வீட்டாருக்கும், தோள் கொடுத்த தெருவினருக்கும், காசிம் பாய்க்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஆண்டு நினைவுக்கு வருவோர் அந்தப் பெட்டியை அம்மா படத்துக்குக் கீழே காணலாம், திறந்தும் பார்க்கலாம்.

அன்று புறப்படும்போது, "பெட்டிய நானே கொண்டு போயிரட்டுமா?" என்று கேட்டார் பாய். இனி மாற்றிச் சொல்ல ஆளில்லை என்று அண்ணன் சொன்னபோது, நான் இருக்கிறேனே என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

"உள்ள கொண்டாங்க பாய்" என்றேன்.